பன்னிரண்டு மணிக்குள் ஒரு புள்ளி

லாய்ட் கங்காஸ் தினமும் பேசுகிற ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான். அவள் பெயர் அவருக்குத் தெரியாது. பதினான்கு வருடமாகத் தெரியாது. கேட்டுக்கொள்ளவும் இல்லை.

கேட்பவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றும். மிச்சிகனின் வடக்கு மூலையில், பெரிய ஏரிக்கரையில், வருடத்தில் ஆறு மாதம் பனிக்குள் கிடக்கிற எங்கள் ஊரில் பிறந்திருந்தால் தோன்றாது. இங்கே அடுத்தவரைத் துருவிக் கேட்பது மரியாதைக் குறைவு. உதவி கேட்பது அதைவிடக் குறைவு. கூரைப் பனியைத் தள்ளப்போய் ஒருவன் கீழே விழுந்தால் தெருவே ஓடி வந்து தூக்கும். ஆனால் விழுந்தவன் மட்டும் வாயைத் திறந்து கூப்பிட மாட்டான். ஃபின்லாந்திலிருந்து கப்பலேறி வந்த பாட்டன் பூட்டன்கள் வேறு எதைக் கொண்டு வந்தார்களோ இல்லையோ, இந்த வறட்டுப் பிடிவாதத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள்.

லாய்ட் பனி தள்ளும் லாரி ஓட்டினார். வண்டி எண் 41. முப்பத்தொரு வருடம். அந்த வேலையில் பேச்சுத் துணை என்றால் வண்டியில் இருக்கும் ரேடியோ ஒன்றுதான். அதிலும் கதை பேச முடியாது. அதற்கென்று ஒரு முறை உண்டு. முதலில் உன் எண், அடுத்து இடம், அடுத்து நிலைமை, கடைசியாக என்ன செய்யப் போகிறாய். "நாற்பத்தொண்ணு. சுரங்க ரோடு. ஆறு அங்குலம். திரும்பி ஒரு தடவை தள்ளுறேன்." அவ்வளவுதான். முப்பத்தொரு வருடம் இப்படியே பேசிப் பழகியவர் வீட்டிலும் அப்படியே பேசினார் போலிருக்கிறது. மனைவி ஷெர்ரி பன்னிரண்டு குளிர்காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு அரிசோனாவுக்குப் போய்விட்டாள். "உங்க மேல ஒரு கோபமும் இல்லை, இந்தப் பனி மேலதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். லாய்ட் அதை அப்படியே நம்பினார். பாவம்.

ஐம்பத்து நான்கு வயதில் முதுகு போய், வேலையிலிருந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து, அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிப் பழகினார். சந்தேகங்களைத் தீர்க்க இணையத்தில் ஒரு மன்றம் இருந்தது. கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் அங்கே கேள்வி எழுதுவார்கள், தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, ஆளுக்கொரு புனைபெயர். லாய்ட் 'பனிவண்டி41' என்று வைத்துக்கொண்டார். அங்கே அவர் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. பழைய பக்கங்களைப் படித்துப் படித்துத் தானாகவே கற்றுக்கொண்டு, பிறகு பதில் எழுத ஆரம்பித்தார். பதினான்கு வருடத்தில் பதினோராயிரம் பதில்.

மன்றத்தில் கேள்வி கேட்கவும் ஒரு முறை உண்டு. இயந்திரம் என்ன, என்ன நடந்தது, என்ன செய்து பார்த்தாய். இந்த மூன்றும் இல்லாமல் "என் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, காப்பாற்றுங்கள்" என்று ஓடி வருகிறவர்களை லாய்ட் திருப்பி அனுப்பிவிடுவார். கொஞ்சம் கறார்தான். அவருக்குப் பின்னாலேயே வந்து, திரும்பிப் போனவர்களைச் சமாதானப்படுத்திக் கூட்டி வருகிறவள் ஒருத்தி இருந்தாள். அவள் புனைபெயர் உப்புக்காற்று.

முதல் இரண்டு வருடம் லாய்ட் அவளை 'ஐயா' என்றுதான் எழுதினார். ஒரு நாள் அவள், "நான் பொம்பளை, பனிவண்டி. நீங்க கூப்பிடுற அழகுக்கு எனக்கு மீசை முளைச்சுடும் போலிருக்கு" என்று எழுதினாள். லாய்ட் அன்றைக்குத் தனியாக அடுப்படியில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தார். அதற்கப்புறம் தினமும் காலையில் காபியோடு மன்றத்தைத் திறந்தால் அவள் எழுதியது ஏதாவது இருக்கும். "இன்னைக்குக் காத்து, படகு ஓடலை." "இன்னைக்கு நீங்க யாரையும் கடிக்கலையே, உடம்பு சரியில்லையா?" ஒரு வரி, இரண்டு வரி. அதற்கு அவர் ஒரு வரி. ஒரு குடும்பத்துக்குள் இதைவிடக் குறைவாகப் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும்.

இதெல்லாம் ஊரறியப் பொதுவில் நடக்கிற பேச்சு. தனியாகப் பேச மன்றத்தில் தனிச்செய்திப் பெட்டி இருந்தது. லாய்ட் மன்றத்தில் சேர்ந்த முதல் மாதமே அதை மூடிவிட்டார்; மூடியவருக்குச் செய்தி வரவும் வராது, அனுப்பவும் முடியாது. திறந்து வைத்தால் கண்டவனும் அதில் வந்து கேள்வி கேட்பான். 'கேள்விகள் பொதுவில் மட்டும்' என்று தன் பெயருக்குக் கீழே எழுதியும் வைத்தார். பழுத்த பதில்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், அதில் ஒரு கௌரவம். உப்புக்காற்று மட்டும் தன் பெட்டியைத் திறந்தே வைத்திருந்தாள்.

இந்த ஜனவரியில் மன்றத்தின் முகப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. நடத்துகிறவருக்கு வயதாகிவிட்டது. பிப்ரவரி முதல் ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணியோடு மன்றம் பூட்டப்படும். அதற்குப் பிறகு பழையதைப் படிக்கலாம், புதிதாக யாரும் ஒரு எழுத்தும் எழுத முடியாது, தனிச்செய்தியும் கிடையாது.

லாய்ட் அன்று காபியை ஆறவிட்டுவிட்டார். தன் பெட்டியைத் திறக்க வேண்டும், அவளுக்குத் தன் பெயரையும் விலாசத்தையும் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தார். முடிவு செய்தாரே தவிர, செய்யவில்லை. 'இன்னும் மூணு வாரம் இருக்கே' என்றார். அப்புறம் 'ரெண்டு வாரம் இருக்கே' என்றார். கடைசி வாரத்துத் திங்கட்கிழமை காலையில் பழைய கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினால், விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மதர்போர்டு போய்விட்டது.

புதிதாக ஒன்றைத் தானே பூட்டிக்கொள்ளலாம் என்று இணையம் இல்லாத பழைய வீட்டுப் போனிலேயே பாகங்களுக்குச் சொல்லிவிட்டார். பதினெட்டு மைல் தள்ளி நூலகம் இருந்தது. அங்கே உட்கார்ந்து எழுதியிருக்கலாம். பாஸ்வேர்டு சமையலறை இழுப்பறை நோட்டில் பத்திரமாக இருந்தது. ஆனால் நூலகத்துக் கம்ப்யூட்டர் பொதுக் கூடத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து ஒரு பெண்ணுக்குப் பெயர், விலாசம் எழுத லாய்டுக்குக் கூச்சம். புது மெஷின் வெள்ளிக்கிழமை வந்துவிடும், அதில் லினக்ஸ் ஏற்ற அரை மணி நேரம். முந்நூறு பேருக்கு வழிகாட்டிய கை.

வெள்ளி மதியம் வாசற்படியில் பெட்டி வந்து கிடந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது. குளிரில் கிடந்த பொருளை உள்ளே கொண்டு வந்தால் ஒரு இரவு அப்படியே வைத்து, வீட்டுச் சூடு பழகிய பிறகுதான் பிரிக்க வேண்டும். கண்ணாடி போட்டவர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். கதவைத் திறந்து உள்ளே வந்ததும் கண்ணாடி முழுக்க ஈரம் பூக்கும்; அதே ஈரம் மின்பாகங்களில் பூத்தால் அவை கெட்டுவிடும். மன்றத்தில் இதை எத்தனையோ தரம் எழுதியவர், அன்று பத்து நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. விறகடுப்புக்குப் பக்கத்து மேஜையில் பரப்பிப் பூட்டினார். பின்னால் வந்த வினைக்கு அதுதான் காரணமா, வரும்போதே ஊனமாக வந்ததா, யாராலும் சொல்ல முடியாது. லாய்ட் மட்டும் அதுதான் என்று இன்றுவரை சொல்கிறார்.

பென் டிரைவைச் செருகி லினக்ஸ் ஏற்ற ஆரம்பித்தார். அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றது. 'கோப்பு பழுதுபட்டுள்ளது' என்றது திரை.

"பென் டிரைவ் பழசு," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். இழுப்பறையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். இருபத்தெட்டில் நின்றது. இதுவும் பழசுதான். மூன்றாவதை எடுத்தார். எண்பத்தொன்று வரை போய், கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளை எழுந்து ஓடியது போல எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கருந்திரைக்குப் போனது. அன்று ஆறு தடவை. மறுநாள் சனிக்கிழமை காலையிலிருந்து டிஸ்கை வேறு துளையில் மாற்றினார், ஒயரை மாற்றினார், அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்து இதை ஏற்றினார். ஒவ்வொரு தரமும் மூன்று நான்கு விஷயத்தைச் சேர்த்துச் சேர்த்து மாற்றினார். 'ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை' என்று பதினான்கு வருடம் பிரசங்கம் செய்தவர். ஊருக்குத்தான் உபதேசம்.

சனி மதியம் கதவு தட்டப்பட்டது. மார்சா ருவோனா, மூன்று வீடு தள்ளி இருப்பவள். ஊர்த் தபால் நிலையத்தில் கவுன்டரே அவள்தான். ஐம்பது வயது, வாய்க்குப் பூட்டுக் கிடையாது. கையில் துணி சுற்றிய ஏலக்காய் ரொட்டி.

"புகைபோக்கியில புகை வருதான்னு பார்த்தேன். வருது. சரி, உசிரோட இருக்காருன்னு வந்தேன்."

"பூட்ஸைத் தட்டிட்டு வா."

"என்ன லாய்ட், மேஜை மேல பிரேதப் பரிசோதனையா?"

"புது மெஷின். ஏற மாட்டேங்குது."

"உங்களுக்கா? எங்க அக்கா லேப்டாப்பு காபியில குளிச்சப்பவே எழுப்பிக் குடுத்தீங்களே. ஆனைக்கும் அடி சறுக்கும் போல."

"சறுக்கலை. பென் டிரைவு பழசு."

"அது சரி, பழசெல்லாம் பென் டிரைவு மட்டுமா இங்க." அவள் ரொட்டியை அடுப்புமேல் வைத்தாள். "தெருமுனையில உங்க வீட்டுத் தபால் பெட்டி நவம்பர்லேர்ந்து பனிக்குள்ள கெடக்கு, தெரியுமா? நீங்க ஓட்டுன அதே நாற்பத்தொண்ணுதான் தெனம் மூடிட்டுப் போவுது. ஊர்ப்பட்ட பெட்டியை எல்லாம் மூடுனீங்க, இப்ப அனுபவிங்க."

"எனக்கு என்ன கடுதாசியா வந்து குவியுது? பில்லு வந்தா நீ கவுன்டர்ல குடு."

"அதைத் தோண்டி வெச்சாத்தானே தபால் வண்டிக்காரன் நிப்பான். ரூலு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்."

அவளுடைய கோட்டுப் பையில் போன் கூவியது. எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையில் போட்டாள். பாதி வெளியே தெரிந்தது. லாய்ட் அதையே பார்த்தார். ஐந்து நிமிடம் அதை வாங்கினால் போதும். உள்ளே நுழைந்து, தனிப்பெட்டியைத் திறந்து, ஒரு வரி எழுதிவிடலாம். ஆனால் 'எதுக்கு?' என்று கேட்பாள். கேட்காமல் விடுகிறவளா? கம்ப்யூட்டரில் ஒரு பொம்பளை, அவள் பேர் எனக்குத் தெரியாது, அவள் போய்விடுவாள் என்று பயமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமைக்குள் ஊரில் நாய் பூனைக்குக்கூடத் தெரிந்துவிடும்.

"ஏதாவது வேணுமா, லாய்ட்?"

"வேணாம்."

"நெஜமாவா?"

"எல்லாம் இருக்கு."

அவள் போய்விட்டாள். அன்று அவர் சனிக்கிழமை தவறாத நீராவிக் குளியலுக்குச் சானா அறையைக்கூடச் சூடு பண்ணவில்லை. எட்டரை மணிக்கெல்லாம் போய்ப் படுத்துவிட்டார். படுத்தால் போதுமா? நாளை மதியத்துக்குப் பிறகு காலையில் காபியோடு எதைத் திறப்பது என்ற நினைப்பு நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. ஷெர்ரி போன அன்றுகூட இப்படி இருந்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

ஞாயிறு காலை பத்து மணி. இன்னும் இரண்டு தரம் ஏற்றிப் பார்த்து, இரண்டு தரமும் விழுந்தாயிற்று. கை ஓய்ந்து உட்கார்ந்தவர், வேறு வழியில்லாமல், ஒரு காகிதத்தை எடுத்தார். மன்றத்தில் கேள்வி கேட்க வந்த புது ஆள் போல எழுத ஆரம்பித்தார். வாழ்க்கையில் அவர் எழுதிய முதல் கேள்வி.

இயந்திரம்: புதியது, நானே பூட்டியது, ரேம் இரண்டு. என்ன நடந்தது: ஏற்றும்போது பாதியில் விழுகிறது. எங்கே விழுகிறது: 62, 28, 81, 44, 70, 19.

எண்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதியதும் பேனா நின்றது. உப்புக்காற்று இருந்தால் என்ன கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். அவளே பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட மாதிரி இருந்தது. "ஏங்க, எப்பவும் ஒரே எடத்துல விழுந்தா பென் டிரைவு. எடம் மாத்தி மாத்தி விழுந்தா ரேமு. இதை எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே?"

லாய்ட் எழுந்து நின்று தலையில் அடித்துக்கொண்டார். வேறெதையும் மாற்றாமல் ஒரே பென் டிரைவை இரண்டு முறை ஓட்டியிருந்தால் வெள்ளிக்கிழமையே தெரிந்திருக்கும். ஒவ்வொரு தரமும் வேறொன்றை மாற்றியதால், விழுந்ததற்கெல்லாம் பென் டிரைவின் மேல் பழி போட்டுக்கொண்டே போய்விட்டார்.

ரேம் என்கிற நினைவகப் பட்டை இரண்டில் ஒன்றைக் கழற்றினார். மணி பத்து நாற்பது. ஏற்றினார். ஐம்பத்து மூன்றில் விழுந்தது. அப்படியானால் உள்ளே இருப்பதுதான் ஊனம். அதைப் பிடுங்கிவிட்டு, கழற்றியதைப் பொருத்தினார். மணி பதினொன்று பதினெட்டு. ஏற்றினார். இருபத்தெட்டு தாண்டியது. அறுபத்திரண்டு தாண்டியது. லாய்ட் நாற்காலியில் உட்காரவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். எண்பத்தொன்று தாண்டியது. பதினொன்று நாற்பத்து மூன்றுக்கு, 'முடிந்தது, மறுபடி தொடங்கவும்' என்றது திரை.

பொத்தானை அழுத்தினார். திரை கறுத்து, வெளுத்து, மறுபடி முதலிலிருந்து, 'லினக்ஸ் ஏற்ற உங்களை வரவேற்கிறோம்' என்றது.

அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மறுபடியும் போச்சு என்று, மிச்சமிருந்த ஒற்றை ரேமையும் கழற்றித் துடைத்து, திரும்பப் பொருத்தி, டிஸ்கின் ஒயரை உருவி, திரும்பச் செருகி, மறுபடி பொத்தானை அழுத்தினால் மறுபடியும் அதே வரவேற்பு. பதினொன்று ஐம்பத்து நான்குக்குத்தான், கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்கத் துளையில் பென் டிரைவ் இன்னும் செருகியபடி நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். அதை உருவாமல் விட்டால் மெஷின் அதிலிருந்தேதான் தொடங்கும். முதல் நாள் பழகுகிறவன் செய்கிற தப்பு. இதற்குப் பதில் எழுதியே அவருக்குக் கை தேய்ந்திருக்கிறது.

உருவினார். மெஷின் சமர்த்தாக எழுந்தது. இணையத்தை இணைத்து, நோட்டைத் தேடி எடுத்து, பாஸ்வேர்டை அடித்தார். தப்பு என்றது. பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக அடித்திருந்தார். மறுபடி அடித்தார். அன்று உலகமே மன்றத்துக்கு விடைகொடுக்க வந்திருந்ததோ என்னவோ, பக்கம் எழும்ப ஒரு யுகம் ஆனது. எழும்பியதும் முதலில் அவர் பார்த்தது பதில் எழுதும் கட்டத்தை. அது அங்கே இல்லை. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு மணி இரண்டு நிமிடம்.

மேலே ஒரு தலைப்பு இருந்தது. 'பனிவண்டி41 எங்கே?' எழுதியவள் உப்புக்காற்று. வியாழக்கிழமை தொடங்கியது.

வியாழன்: "என்ன பனிவண்டி, நாலு நாளா ஆளைக் காணோம்? யாரையாவது கடிச்சு ஜெயில்ல இருக்கீங்களா?"

சனி: "வெளையாட்டில்லை. பயமா இருக்கு. யாருக்காவது இவரைத் தெரியுமா?" அதற்குக் கீழே இருபது முப்பது பேர், தெரியாது, தெரியாது என்று எழுதியிருந்தார்கள்.

ஞாயிறு, காலை ஒன்பது நாற்பது: "உங்க தனிப்பெட்டி எப்பவும் மூடியே இருக்கு. இத்தனை வருஷத்துல மூணு தடவை வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன். பேரை நடுத்தெருவுல எழுத எனக்குப் பயம். ஒண்ணு பண்ணுங்க. பன்னிரண்டு மணிக்குள்ள இங்க ஒரே ஒரு புள்ளி வைங்க. நீங்கதான்னு தெரிஞ்சுக்குவேன். உடனே விலாசத்தைப் போட்டு, நீங்க எழுதிக்கிட்டதும் அழிச்சுடறேன். காபியோட உட்கார்ந்திருக்கேன்."

ஞாயிறு, பதினொன்று ஐம்பத்தெட்டு: "சரி. வண்டி வரலை. இங்க பனி கொட்டுது, அங்கயும் அப்படித்தான் இருக்கும். உடம்பைப் பார்த்துக்குங்க."

லாய்ட் விசைப்பலகையில் புள்ளிச் சாவியை ஒரு தரம் அழுத்தினார். எதுவும் ஆகவில்லை. மன்றத்தை நடத்துகிறவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிப் பார்த்தார். பெட்டி நிரம்பிவிட்டது என்று திரும்பி வந்தது. அப்புறம், அழுதார். யாரும் இல்லாத வீட்டில் அழுவதற்கு என்ன வெட்கம் என்று கொஞ்சம் சத்தமாகவே அழுதார்.

அழுது முடித்து, ரொட்டியில் ஒரு துண்டு வெட்டித் தின்றுவிட்டு, படிக்க உட்கார்ந்தார். படிக்கத் தடையில்லையே. பதினான்கு வருடத்தில் அவள் எழுதியது அத்தனையும் அங்கே இருந்தது. முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, வேலைக்கு ஆகாத வரிகளை மட்டும், அதாவது கம்ப்யூட்டரைப் பற்றி இல்லாத வரிகளை மட்டும், காகிதத்தில் குறித்துக்கொண்டே வந்தார். மெய்ன் மாநிலம் என்று ஒரே ஒரு இடத்தில் சொல்லியிருந்தாள். தீவு. படகு நாளைக்கு மூன்று தரம், காற்றடித்தால் அதுவும் இல்லை. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்கள் பன்னிரண்டும் அவள் பொறுப்பு. அங்கே படிக்கிற பிள்ளைகள் ஒன்பது பேர். "பிள்ளைங்களைவிட மெஷினு அதிகம், ஆனா ரெண்டுக்கும் சளி பிடிக்குது" என்று எழுதியிருந்தாள். அப்போது அவர் அதற்கு என்ன பதில் எழுதினார் என்று பார்த்தார். 'மெஷின்களின் மாடல் எண் என்ன?' என்று கேட்டிருந்தார்.

மாலைக்குள் வரைபடத்தில் தேடி, அப்படிப் பள்ளிக்கூடமும் படகும் உள்ள தீவுகள் நாலு என்று கண்டுபிடித்தார். நாலு கடிதம் எழுதினார். நாலும் ஒரே கடிதம்தான். அவருக்குத் தெரிந்த முறையில்தானே எழுத முடியும்?

'நாற்பத்தொன்று. பெயர் லாய்ட் ஆர்தர் கங்காஸ். விலாசம் கீழே. என்ன நடந்தது: மதர்போர்டு போனது, புதியதில் ஒரு ரேம் ஊனம். இரண்டு நிமிடம் தாமதமாக வந்தேன். என்ன செய்து பார்த்தேன்: எல்லாவற்றையும், கேட்பதைத் தவிர. பெட்டியை மூடி வைத்தது தப்பு. நீங்கள் இல்லாத காலை எனக்குப் பழக்கமில்லை. திரும்பி ஒரு தடவை தள்ளுகிறேன்.'

அடியில் ஒரு புள்ளி வைத்தார்.

திங்கட்கிழமை காலை மார்சா கவுன்டரில் நாலு உறையையும் வரிசையாக வைத்துப் படித்தாள். "'பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு.' நாலுலயும் இதேதானா? பேரு?"

"தெரியாது."

"எத்தனை நாள் பழக்கம்?"

"பதினாலு வருஷம்."

மார்சா வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் வாய் மூடியதை அன்றுதான் பார்த்ததாக லாய்ட் பிறகு சொன்னார். நடந்ததை ரேடியோவில் சொல்வது போல நாலு வரியில் சொல்லி முடித்தார்.

"நான் சனிக்கிழமை வந்தப்ப இதுதான் நடந்துக்கிட்டிருந்துதா?"

"ஆமா."

"என் போனு பாக்கெட்டுல இருந்துது, லாய்ட்."

"பார்த்தேன்."

"பார்த்தீங்களா?"

"பாதி வெளியே தெரிஞ்சுது."

திட்டப் போகிறாள் என்று அவர் நினைத்தார். அவள் உறைகளை எடுத்து முத்திரை குத்த ஆரம்பித்தாள். "வேணுமான்னு ரெண்டு தடவை கேட்டேனே," என்றாள், மெதுவாக.

"கேட்ட."

"சரி, விடுங்க. அந்தத் தீவுலயும் என்னை மாதிரி ஒருத்தி கவுன்டர்ல உட்கார்ந்திருப்பா. நமக்குப் பேரெல்லாம் வேண்டியதில்லை. ஒன்பது பிள்ளைங்க படிக்கிற ஊர்ல ஆளைத் தெரியாமலா போயிடும்? ஆனா ஒண்ணு, அந்த அம்மா பதில் போடுவாங்களான்னு எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது."

"வந்தா இங்கயே எடுத்து வைக்கவா?"

"வேணாம்," என்றார் லாய்ட். "வீட்டுக்கு அனுப்பு."

வீட்டுக்குப் போனதும் பனிவாரியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். பெட்டி எங்கே இருக்கிறது என்று தேடவே அரை மணி நேரம் ஆனது. முப்பத்தொரு வருடம் அந்தப் பனியை எந்தக் கோணத்தில் தள்ளினால் எங்கே போய் விழும் என்று தெரிந்தவர். ஆனால் அதற்கடியில் கிடப்பதைத் தோண்டி எடுப்பது எவ்வளவு பாடு என்று அன்றுதான் தெரிந்தது. உறைந்து கல்லாகியிருந்தது. முதுகு விண்ணென்று வலித்தது. கடைசியில் தகரக் கதவு தட்டுப்பட்டது. சுரண்டி, வெந்நீர் ஊற்றித் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. தபால் வண்டி வந்து நிற்கிற அளவுக்கு முன்னாலும் பக்கத்திலும் சுத்தம் செய்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் விடிகாலையில் நாற்பத்தொன்று வந்து, ஒரே தள்ளில் பெட்டியை மறுபடி மூடிவிட்டுப் போனது. லாய்ட் காபியைக் குடித்துவிட்டு, பனிவாரியோடு போய்த் தோண்டினார். அடுத்த நாளும் மூடியது, தோண்டினார். இந்தப் பிப்ரவரியில் பனி விடாமல் கொட்டியது. இன்று காலை நான் அந்தப் பக்கம் போனபோதும் அவர் அங்கேதான் நின்று, பெட்டியின் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.